‘கெட்’ என்ற சின்னச் சொல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு வழி

வாசலில் அழைப்பு மணி அடிக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் எழுந்துகொண்டே ‘ஐல் கெட் இட்’ என்கிறார். ஆங்கிலம் கற்க ஆரம்பித்தவருக்கு இந்தச் சொற்கள் தனித்தனியே தெரியும்: நான், பெறுவேன், அதை. ஆனால் எதைப் பெறப்போகிறார்? அவர் சொன்னது ‘இரு, நான் போய்ப் பார்க்கிறேன்’ என்பதுதான். தொலைபேசி அடித்தாலும் இதே வாக்கியம் வரும். அப்போது அதற்கு ‘நான் எடுக்கிறேன்’ என்று பொருள்.

ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாகப் புழங்கும் வினைச்சொற்களில் ‘கெட்’ ஒன்று. கடிதம் வந்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான், பேருந்தில் ஏறினாலும் அதுதான். சொல்வது புரிந்துவிட்டது என்பதற்கும் அதே சொல்.

என்னிடம் மாலை வகுப்புக்கு வந்த ஒருவர், அகராதியில் இருந்த பொருள்களையெல்லாம் ஒரு நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருந்தார். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியிருந்தது. மனப்பாடமும் செய்திருந்தார். ஆனாலும் எதிரில் இருப்பவர் ‘கெட்’ போட்டுப் பேசினால், அது எந்த எண் என்று மனதுக்குள் தேடி முடிப்பதற்குள் பேச்சு எங்கோ போய்விடும். அவர் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. பிடித்த வழிதான் சரியில்லை. அந்த நோட்டை மூடிவைத்துவிட்டு நாங்கள் வேறு மாதிரி தொடங்கினோம். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுப் படியுங்கள்.

முதல் படி: ‘போடு’ என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள்

சட்டை போடுகிறோம். கையெழுத்துப் போடுகிறோம். சண்டை போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், ஊசி போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், சத்தம் போடுகிறோம். இத்தனையையும் யாராவது நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தந்தார்களா? இல்லை. ‘போடு’ என்ற சொல் தனக்குள் கொஞ்சம்தான் வைத்திருக்கிறது. மீதிப் பொருளை முன்னால் நிற்கும் சொல் கொடுத்துவிடுகிறது. ‘பூட்டு’ என்று காதில் விழுந்தவுடன் ‘போடு’ எந்தப் பக்கம் திரும்பும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

‘கெட்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம். தமிழில் வினை கடைசியில் வரும், அதனால் அதற்கு முன்னால் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்தே வினை வந்துவிடும், அதனால் அதற்குப் பின்னால் பார்க்க வேண்டும். ‘கெட்’ என்று கேட்டவுடன் பொருளைத் தேடாதீர்கள். அடுத்த சொல் வரும்வரை காத்திருங்கள். அடுத்து வருவது ஒரு பொருளா, ஒரு நிலையா, ஓர் இடமா, செய்து முடித்த வினையா? அதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: நடுவில் இருக்கும் கருத்தைப் பிடியுங்கள்

எல்லாப் பயன்பாட்டுக்கும் அடியில் ஒரே கருத்து ஓடுகிறது. முன்பு இல்லாத ஒன்று இப்போது வந்து சேர்ந்திருக்கிறது, அல்லது முன்பு இல்லாத நிலைக்கு இப்போது வந்து சேர்ந்திருக்கிறோம். இவ்வளவுதான்.

இந்தச் சொல்லின் பிறப்பும் அதையே சொல்கிறது. இங்கிலாந்தில் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் குடியேறிய ஸ்கண்டிநேவிய மக்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்று ஒரு வினை உண்டு. அடைவது, கைக்கு எட்டுவது என்று பொருள். அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்கு ‘கெட்’ வந்தது. பழைய ஆங்கிலத்திலும் இதே குடும்பத்து வேர் வேறு சொற்களோடு ஒட்டிக்கொண்டு ஏற்கெனவே இருந்தது. மறப்பதைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’ அப்படி வந்த சொல்தான். கையில் இருந்த பிடி நழுவிப்போவது என்பதுதான் அதன் அடிப்பொருள். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். ‘கெட்’ பிடிப்பது, ‘ஃபர்கெட்’ பிடி நழுவுவது என்று ஒருமுறை மனதில் உட்கார்ந்துவிட்டால் நடுக்கருத்து மறக்காது.

இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு ஜோடி போதும். ‘ஷி இஸ் மேரீட்’ என்றால் அவர் திருமணமானவர். அது நிலை. ‘ஷி காட் மேரீட்’ என்றால் (‘காட்’ என்பது ‘கெட்’ வினையின் இறந்தகாலம்) அவருக்குத் திருமணம் நடந்தது. அது மாற்றம் நிகழ்ந்த தருணம். அதனால்தான் ‘பத்து வருடமாகத் திருமணமாகி இருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் பீன் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்’ என்று சொல்ல வேண்டும். அங்கே ‘காட்’ போட்டால் பத்து வருடமாகத் தாலி கட்டும் சடங்கே நடந்துகொண்டிருப்பதுபோல் ஆகிவிடும்.

மூன்றாம் படி: ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களைக் கவனியுங்கள்

தமிழர்களுக்கு என்றே நான் சொல்லித் தரும் படி இது. கொஞ்சம் நின்று படியுங்கள்.

நம் மொழியில் நமக்கு நேரும் காரியங்களை ‘எனக்கு’ என்று தொடங்கிச் சொல்வோம். எனக்குக் கடிதம் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது. எனக்குச் சளி பிடித்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. இவற்றில் பெரும்பாலானவற்றில் கடிதம், வேலை, சளி போன்றவைதான் எழுவாய். நாம் ஓர் ஓரமாக, அவை வந்து சேரும் இடமாக நிற்கிறோம்.

ஆங்கிலம் இதைத் திருப்பிப் போடுகிறது. ‘எனக்கு’ அங்கே ‘நான்’ ஆகிவிடும். வந்தது, கிடைத்தது, பிடித்தது எல்லாம் ஒரே ‘காட்’ ஆகிவிடும். ‘ஐ காட் எ லெட்டர்’. ‘ஐ காட் எ ஜாப்’. ‘ஐ காட் எ கோல்ட்’. ‘ஐ காட் அன் ஐடியா’. ‘ஐ காட் ஆங்ரி’. ‘ஐ காட் இட்’. ஆறு வாக்கியத்தையும் தமிழோடு மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சளியை யாராவது தேடிப் போய்ப் பெறுவார்களா என்ற சந்தேகம் அதற்கப்புறம் வராது.

ஆனால் ‘எனக்கு’ வந்த இடமெல்லாம் ‘கெட்’ வராது. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’, ‘எனக்கு நீச்சல் தெரியும்’, ‘எனக்கு அவரைப் பிடிக்கும்’, ‘எனக்கு ஒரு நாற்காலி வேண்டும்’ ஆகிய நான்கும் நிலைகள். இங்கே எதுவும் புதிதாக வந்து சேரவில்லை. இவற்றுக்கு முறையே ‘ஹேவ்’, ‘கேன்’, ‘லைக்’, ‘வாண்ட்’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆக, தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். வந்தது, கிடைத்தது, ஆனது, எடுத்தது என்று மாற்றத்தைச் சொன்னால் ‘கெட்’ போட்டுப் பாருங்கள். இருக்கிறது, தெரியும், வேண்டும் என்று நிலையைச் சொன்னால் வேண்டாம். பசி இதற்கு நல்ல உதாரணம். ‘பசிக்கிறது’ என்றால் ‘ஐ ஆம் ஹங்ரி’. ‘நடக்க நடக்கப் பசியெடுத்துவிட்டது’ என்றால் ‘ஐ காட் ஹங்ரி’.

பெயர்ச்சொல்லோடு வரும் இன்னும் ஒரு வகையைச் சொல்லிவிடுகிறேன். ‘கெட் மீ எ சேர்’ என்றால் போய் ஒரு நாற்காலி எடுத்துக்கொண்டு வா. ‘ஐ காட் ஹெர் எ புக்’ என்றால் அவளுக்கு ஒரு புத்தகம் வாங்கினேன், அதாவது அவளுக்காக வாங்கினேன். ‘கெட்’ சொல்லுக்குப் பின்னால் முதலில் ஓர் ஆளும் அப்புறம் ஒரு பொருளும் வந்தால், அந்தப் பொருள் பெரும்பாலும் அந்த ஆளுக்குப் போய்ச் சேருகிறது.

நான்காம் படி: பின்னால் ஒரு தன்மை வந்தால்

‘டார்க்’, ‘லேட்’, ‘ஓல்ட்’, ‘பெட்டர்’, ‘டயர்ட்’ போன்ற சொற்கள் பின்னால் வந்தால் ‘ஆகு’ என்று பொருள் கொள்ளுங்கள். ‘இட் காட் லேட்’ நேரமாகிவிட்டது. ‘ஹி காட் டயர்ட்’ களைத்துப் போனார்.

மாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது என்றால் ‘கெட்டிங்’. தமிழில் அதற்கு அச்சாகப் பொருந்தும் ஒரு வடிவம் இருக்கிறது: ‘கொண்டு வருகிறது’. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ இருட்டிக்கொண்டு வருகிறது. ‘ஷி இஸ் கெட்டிங் பெட்டர்’ உடம்பு தேறிக்கொண்டு வருகிறது. ‘வருகிறது’ என்பதில் இருக்கும் அந்தச் சிறு நகர்வுதான் ‘கெட்டிங்’ சொல்லிலும் இருக்கிறது.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. ‘ஆகு’ என்பதைத் தன்மைச் சொல்லோடு மட்டும்தான் ‘கெட்’ கொண்டு சொல்ல முடியும். பெயர்ச்சொல்லோடு முடியாது. ‘அவள் டாக்டர் ஆகிவிட்டாள்’ என்று சொல்ல நினைத்த ஒருவர் ‘ஷி காட் எ டாக்டர்’ என்று எழுதினார். படித்தவருக்குக் கிடைத்த பொருள், அவள் யாரோ ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்பது. பின்னால் பெயர்ச்சொல் வந்ததால் ‘கெட்’ தன் போக்கில் ‘கொண்டு வா’ பக்கம் திரும்பிவிட்டது. அங்கே வேண்டியது ‘பிகேம்’.

கண் தெரியாமல் போவது, காது கேட்காமல் போவது போன்றவற்றுக்கு ஆங்கிலத்திலும் ‘போ’ என்ற வினையே வரும்: ‘கோ பிளைண்ட்’, ‘கோ டெஃப்’. நாமும் ‘போய்விட்டது’ என்றுதானே சொல்கிறோம்.

பழக்கத்தைச் சொல்லும் மூன்று வாக்கியங்களைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வருடக்கணக்கில் ஆங்கிலம் பேசுகிறவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். ‘ஐ யூஸ்ட் டு வாக்’ என்றால் முன்பெல்லாம் நடப்பேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்’ என்றால் எனக்கு நடந்து பழக்கம். ‘ஐ காட் யூஸ்ட் டு வாக்கிங்’ என்றால் முதலில் சிரமமாக இருந்தது, போகப்போகப் பழகிவிட்டது. கடைசி இரண்டிலும் வினை ‘வாக்கிங்’ என்று முடிவதைக் கவனியுங்கள்.

ஐந்தாம் படி: பின்னால் இடம் வந்தால்

போய்ச் சேர்வது என்று பொருள். ‘ஐ காட் டு தி ஸ்டேஷன் அட் சிக்ஸ்’ ஆறு மணிக்கு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வழி கேட்கும்போது ‘ஹவ் டு ஐ கெட் டு தி ஸ்டேஷன்’ என்று கேட்டால் போதும். வீடு, இங்கே, அங்கே ஆகிய மூன்றுக்கும் நடுவில் ‘டு’ வராது: ‘கெட் ஹோம்’, ‘கெட் ஹியர்’, ‘கெட் தேர்’. தமிழில் ‘வீட்டுக்கு’ என்று ‘கு’ சேர்த்தே பழகியதால் ‘கெட் டு ஹோம்’ என்று வாயில் வந்துவிடும். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நீங்களே செய்தீர்களா, செய்ய வைத்தீர்களா?

நம் ஆட்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான். ‘நேற்று முடி வெட்டினேன்’ என்று தமிழில் சாதாரணமாகச் சொல்கிறோம். முடி திருத்துபவர் வெட்டினார் என்பது கேட்பவருக்குத் தெரியும். அதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், கண்ணாடி முன் நின்று தன் கையாலேயே வெட்டிக்கொண்டார் என்று அர்த்தமாகும். வேறொருவர் வெட்டிவிட்டார் என்றால் ‘ஐ காட் மை ஹேர் கட்’.

சொற்களின் வரிசையைப் பாருங்கள். ‘காட்’, அப்புறம் பொருள், அப்புறம் முடிந்த வினை. ‘ஐ காட் தி கார் ரிப்பேர்ட்’ வண்டியைச் சரி செய்ய வைத்தேன். ‘ஐ காட் மை ஐஸ் டெஸ்டட்’ கண் பரிசோதனை செய்துகொண்டேன். ‘வெட்டிக்கொண்டேன்’, ‘செய்துகொண்டேன்’ என்று நாம் சேர்க்கும் ‘கொள்’ இந்த வாக்கியங்களுக்கு மிக அருகில் வருகிறது. காரியத்தை வேறொருவர் செய்கிறார், பலன் நம்மிடம் வந்து சேர்கிறது. மீண்டும் அதே ‘வந்து சேர்தல்’.

செய்த ஆளையும் சொல்ல வேண்டுமா? அப்போது ஆளுக்கு அப்புறம் ‘டு’ வரும். ‘ஐ காட் ஹிம் டு ஸைன்’. இதில் ஒரு நயம் இருக்கிறது. அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்துக் கையெழுத்து வாங்கினேன் என்பது இதில் தொனிக்கும். ‘ஐ மேட் ஹிம் ஸைன்’ என்றால் கட்டாயப்படுத்திப் போட வைத்தேன். ‘ஐ ஹேட் ஹிம் ஸைன்’ என்றால் போடச் சொன்னேன், போட்டார், அதில் பேச்சுக்கு இடமே இல்லை. மூன்றில் ‘கெட்’ வாக்கியத்துக்கு மட்டும்தான் ‘டு’ தேவை. தமிழில் ‘வாங்கு’ என்ற சொல்லுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும்: கையெழுத்து வாங்கினேன், வேலை வாங்கினேன், சத்தியம் வாங்கினேன்.

பொருளோ ஆளோ நடுவில் இல்லாமல், ‘கெட்’ சொல்லை ஒட்டியே முடிந்த வினை வந்தால் அது நமக்கு நேர்ந்தது. ‘ஹி காட் ஹர்ட்’ அடிபட்டுவிட்டது. ‘ஹி காட் காட்’ மாட்டிக்கொண்டான். இதில் முதல் சொல் நம் ‘கெட்’ வினையின் இறந்தகாலம், இரண்டாவது ‘கேட்ச்’ என்ற வினையிலிருந்து வந்தது, அதை இன்னும் நீட்டிச் சொல்வார்கள். ‘ஷி காட் ப்ரமோட்டட்’ அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நல்லதும் இப்படி வரும் என்றாலும், கெட்டது நேர்ந்ததைச் சொல்லத்தான் பேச்சில் இதை அதிகம் எடுக்கிறார்கள். நம் ‘அடிபட்டான்’, ‘அவமானப்பட்டான்’ என்பதில் இருக்கும் ‘படு’ போல.

ஏழாம் படி: ‘காட் டு’ வாய்ப்பா, கட்டாயமா?

‘ஐ காட் டு மீட் ஹெர்’. ‘ஐ ஹேவ் காட் டு மீட் ஹெர்’. நடுவில் ஒரு ‘ஹேவ்’ தவிர வேறு வித்தியாசம் இல்லை. பொருளோ எதிரும் புதிருமாக இருக்கிறது.

முதலாவது: அவரைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நடந்து முடிந்த சந்தோஷம். இரண்டாவது: அவரைச் சந்தித்தே ஆக வேண்டும். இன்னும் நடக்கவில்லை, நடந்தே தீர வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், வேகமாகப் பேசும்போது ‘ஐ ஹேவ்’ என்பது ‘ஐவ்’ என்று குறுகி, பல நேரம் காணாமலே போய்விடும். அப்போது எப்படிப் பிரித்தறிவது? இரண்டு அடையாளங்கள் உண்டு. ‘காட்’, ‘டு’ இரண்டும் உருகி ‘காட்டா’ என்று ஒட்டிக் கேட்டால் அது பெரும்பாலும் கட்டாயம். ‘நேற்று’, ‘போன வருடம்’ என்று காலம் சொல்லப்பட்டிருந்தால் அது வாய்ப்பு.

நிகழ்காலத்தில், பின்னால் ஒரு வினையோடு வரும் ‘கெட் டு’ பெரும்பாலும் வாய்ப்பு அல்லது அனுமதிதான். ‘யூ கெட் டு சூஸ்’ என்றால் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. குழந்தைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்கும் ‘வை டஸ் ஷி கெட் டு கோ’ என்ற கேள்வியைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? ‘அவ மட்டும் போகலாமா?’ அந்த ‘மட்டும்’, அந்த ஆதங்கம், எல்லாமே ‘கெட் டு’ என்பதற்குள் அடங்கிவிடுகிறது.

இங்கேயே இன்னொன்று. மூன்றாம் படியில் ‘இருக்கிறது’ என்றால் ‘கெட்’ வேண்டாம் என்று சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. ‘ஐ ஹேவ் காட் டூ சிஸ்டர்ஸ்’ என்றால் எனக்கு இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள். ‘வந்து சேர்ந்திருக்கிறது’ என்பது நாளடைவில் ‘இருக்கிறது’ என்று ஆகிவிட்ட கதை இது. ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’ என்றாலும் பொருள் அதேதான். தொடக்கத்தில் இரண்டாவதையே பேசுங்கள், முதலாவதைக் காதில் கேட்டால் புரிந்துகொண்டால் போதும்.

எட்டாம் படி: ஒட்டுச் சொற்களை ஒவ்வொன்றாக எடுங்கள்

‘அப்’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘ஓவர்’, ‘பை’ போன்ற குட்டிச் சொற்கள் ‘கெட்’ சொல்லோடு ஒட்டும்போது புதிய வினைகளே பிறக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் படிப்பது வீண். வாரத்துக்கு இரண்டு எடுத்து, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தோடு சேர்த்து வாக்கியம் எழுதுங்கள். உங்கள் சம்பவமாக இருந்தால்தான் நிற்கும்.

வாகனத்தில் தொடங்கலாம். நாம் எல்லாவற்றிலும் ‘ஏறு’, எல்லாவற்றிலிருந்தும் ‘இறங்கு’ என்கிறோம். ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளே நிமிர்ந்து நின்று நடமாட முடிகிற பேருந்து, ரயில், விமானம் என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்கார வேண்டிய கார் என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. மேலே ஏறி உட்காரும் சைக்கிளும் குதிரையும் ‘ஆன்’ பக்கம் சேரும். ‘கெட் டவுன்’ என்று நம் பக்கம் பேருந்தில் இறங்குவதற்குச் சொல்வது மற்ற நாட்டவருக்கும் ஓரளவு புரியும், ஆனால் அவர்கள் சொல்வது ‘கெட் ஆஃப்’.

‘வேக் அப்’ கண் விழிப்பது, ‘கெட் அப்’ படுக்கையை விட்டு எழுவது. விழித்து அரைமணி நேரம் புரண்டுகொண்டிருப்பவர் இன்னும் ‘கெட் அப்’ செய்யவில்லை.

‘கெட் ஓவர்’ நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவது. ‘கெட் பை’ இருப்பதை வைத்துச் சமாளிப்பது. ‘கெட் அலாங்’ ஒருவரோடு ஒத்துப்போவது. ‘கெட் அவே வித்’ தப்பு செய்துவிட்டுத் தண்டனையில்லாமல் தப்பித்துக்கொள்வது. ‘கெட் பேக் டு யூ’ என்று ஒருவர் மின்னஞ்சலில் எழுதினால் அவர் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. விசாரித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்கிறார்.

இவற்றில் ‘கெட் த்ரூ’ எனக்குப் பிடித்தது. ஒரு பக்கத்தில் நுழைந்து மறு பக்கத்தில் வெளியே வருவது என்ற படம் அதில் இருக்கிறது. தடிமனான புத்தகத்தை ஒருவழியாக முடித்தாலும் ‘காட் த்ரூ’, கஷ்ட காலத்தைத் தாண்டி வந்தாலும் ‘காட் த்ரூ’. ‘ஐ குடன்ட் கெட் த்ரூ டு ஹிம்’ என்ற வாக்கியத்துக்கோ இரண்டு பொருள். தொலைபேசியில் என்றால், லைன் கிடைக்கவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியது என்றால், எவ்வளவு சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. இரண்டிலும் நம் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம்.

ஒன்பதாம் படி: காதையும் பழக்குங்கள்

எழுத்தில் தெரிந்த சொல் பேச்சில் பிடிபடாமல் போவதற்கு முக்கியக் காரணம் ஒலி மாறுவது. அமெரிக்கப் பேச்சில் ‘கெட் இட்’ என்பது ‘கெடிட்’ என்று கேட்கும். ‘கெட் அப்’ ‘கெடப்’ ஆகிவிடும். ‘பாட்டு’ என்பதில் வன்மையாக ஒலிக்கும் டகரம் ‘பாடு’ என்பதில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே மென்மையாகிறது அல்லவா? ஏறக்குறைய அதே மாற்றம்தான். பிரிட்டனில் பலர் அந்த ஒலியைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வடிவத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘கெட், காட், காட்’ என்று மூன்று வடிவங்களும் முடிந்துவிடும். அமெரிக்காவில் மூன்றாவது வடிவமாக ‘காட்டன்’ உண்டு. ‘ஐ ஹேவ் காட்டன் எ லெட்டர்’ என்று அமெரிக்கர் சொன்னால் கடிதம் வந்திருக்கிறது. ‘ஐ ஹேவ் காட் எ லெட்டர்’ என்றால் கடிதம் கையில் இருக்கிறது. ‘காட்டன்’ தப்பான ஆங்கிலம் என்று சிலர் திருத்துவார்கள். அது பிரிட்டனிலும் வழங்கிய பழைய வடிவம்தான். அங்கே பெரும்பாலும் வழக்கொழிந்தது, அமெரிக்காவில் நிலைத்துவிட்டது.

அலுவலக அறிக்கை, விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை எழுதும்போது ‘கெட்’ சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்ததற்கு ‘ரிசீவ்’, அனுமதி பெற்றதற்கு ‘அப்டெய்ன்’, ஆனதற்கு ‘பிகம்’, வந்து சேர்ந்ததற்கு ‘அரைவ்’ என்று எழுதினால் அங்கே பொருத்தமாக இருக்கும். ஆனால் பேச்சில் இவற்றைப் போட்டால் விறைப்பாகத் தெரியும். பேசும்போது ‘கெட்’ சொல்லையே தயங்காமல் எடுங்கள்.

பத்தாம் படி: ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள்

‘இருட்டுவதற்குள் நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.’ இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். கீழே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் முயன்று பாருங்கள்.

‘ஐ ஹேவ் காட் டு கெட் ஹோம் பிஃபோர் இட் கெட்ஸ் டார்க்.’ ஒரே வாக்கியத்தில் மூன்று முறை வந்துவிட்டது. முதலாவதன் பின்னால் ‘டு’, முன்னால் ‘ஹேவ்’: கட்டாயம். இரண்டாவதன் பின்னால் வீடு: போய்ச் சேர்வது. மூன்றாவதன் பின்னால் ‘டார்க்’: ஆவது. மூன்றையும் பின்னால் நிற்கும் சொல்தான் பிரித்துக் காட்டியது.

இன்னொன்று, கொஞ்சம் கடினம். ‘ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்து வண்டியைச் சரி பார்க்கச் செய்தேன்.’ வண்டியைச் சரி பார்த்தது அவர் இல்லை, அவர் யாரிடமோ கொடுத்துப் பார்க்க வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐ ஃபைனலி காட் ஹிம் டு கெட் தி கார் ஃபிக்ஸ்ட்.’ முதல் ‘காட்’ நான் அவரைச் சம்மதிக்க வைத்தது. இரண்டாவது ‘கெட்’ அவர் இன்னொருவரைக் கொண்டு வேலையை முடித்தது. இதை வாய்விட்டு ஐந்து முறை சொல்லுங்கள். அப்புறம் ‘கார்’ இருந்த இடத்தில் கதவு, கைப்பேசி, கூரை என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சொல்லிப் பாருங்கள்.